இடாதவள்

எட்மன்டனில் பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
வண்டியின் என்ஜினுக்கு மின்கம்பி மாட்டிவிட்டு
ஒரீஸ்யா கூஜிக் கொட்டகைக்குள் நுழைகிறாள்.
மூக்குக்கண்ணாடியில் ஆவி.
துடைத்து முடிக்கும்வரை
கோழிகள் வெறும் சத்தம்.

இடப்பக்க வரிசை இட்டிருக்கிறது.
வைக்கோலுக்குள் கைவிட்டு
இன்னும் சூடு ஆறாத நாற்பத்தொன்றை எடுக்கிறாள்.
வலப்பக்கம் எண்ண ஏதுமில்லை.
பெட்டிகளில் அமுங்காத வைக்கோல்.
ஒன்றில் மட்டும்
போன வாரம் அவள் தொலைத்த
நீலப் பேனாமூடி.

முந்நூற்றுப் பதினெட்டின் சிறகை விரித்து
ஊசி ஏற்றுகிறாள்.
குழாயில் வருவது ரத்தச் சிவப்பு இல்லை,
தக்காளி சூப்பில் பாலைக் கவிழ்த்த நிறம்.
ஓர் இரவு குளிர்பெட்டியில் நின்றால்
மேலே ஒரு விரற்கடைக்கு ஆடை கட்டும்.

தீனியில் குற்றமில்லை.
அதே கோதுமை, அதே சோளம், இரு பக்கமும்.
மஞ்சள் கருவுக்கென்று ஈரல் காய்ச்சுகிறது
நாள் தவறாமல்.
ரத்தம் சுமந்துபோய் முட்டையின் வாசலில் நிற்கிறது.
திறக்க வேண்டிய கதவு திறப்பதில்லை;
மரபின் நெடிய வாக்கியத்தில்
ஒரே ஓர் எழுத்துப் பிழை.
வாங்கிக்கொள்ள வீடில்லாத பால்காரன்
அதே தெருவைச் சுற்றிச் சுற்றி வருகிறான்.
போகும்போதெல்லாம் கொஞ்சம் சிந்துகிறான்.
தெரு குறுகுகிறது.

முட்டையிடும் கோழிக்குத் தெரியும் வருத்தம் என்பார்கள்.
இடாத கோழிக்கு என்ன தெரியும் என்று
யாரும் சொல்லிவைக்கவில்லை.

மதியம் வீட்டுக்கு ஃபோன் போடுகிறாள்.
"மாத்திரை போட்டாயா, மெட்ரோ?"
"போட்டேன்."
பின்னால் வாணலியில் வெண்ணெய் பேசுகிறது.
முப்பது வருடம் ரயில்பெட்டி பற்றவைத்தவன்,
நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட்.
இடப்பக்க முட்டைகளை
வாரம் ஒரு டஜன் ஊழியர்களுக்குக் கொடுக்கிறார்கள்.
கொண்டுபோவது இவள்தான்.

மார்ச் கடைசியில் ஒரு நாள்
முந்நூற்றுப் பதினெட்டு பெட்டியை விட்டு இறங்கவில்லை.
இறகு சிலிர்த்து, மார்பைப் பரப்பி,
பேனாமூடியின் மேல் உட்கார்ந்திருந்தது.
இந்த ஜாதி அடை உட்காராது என்கிறது புத்தகம்.
கை நீட்டினால் கொத்தியது.
ஒரீஸ்யா அன்றைக்குப் பென்சிலால் எழுதினாள்.

ஏப்ரலில் அது தீனித்தட்டருகே சரிந்து கிடந்தது.
அறுத்தபோது
பேரீச்சம்பழம் அளவு இதயம்.
அதைச் சுற்றி ஓடும் நாளத்தைத்
தையல்நூல் நுழையாதபடி அடைத்துக்கொண்டிருந்தது
மெழுகுபோல் ஒன்று.
பெருந்தமனியை நீளவாக்கில் பிளந்தாள்.
உட்சுவர் முழுக்க மஞ்சள்.
வெளிறிய மஞ்சள் இல்லை,
அவளுக்கு நன்றாகத் தெரிந்த மஞ்சள்,
தினமும் காலையில் தட்டில் பார்ப்பது.

இத்தனை நாள்
இங்கேதான் இட்டிருக்கிறாள்.

"நல்ல அடைப்பு," என்றார் பேராசிரியர் ஹெல்கசன்
நுண்ணோக்கியிலிருந்து கண்ணெடுக்காமல்.
"படம் எடுத்து வை."
எடுத்து வைத்தாள்.
குறிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பேனா கையில் இருந்தது, மூடி இல்லாமல்.
கட்டத்தை வெறுமையாகவே விட்டாள்.

வீட்டில் விளக்கு எரிகிறது.
வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே
மெட்ரோ அடுப்படியிலிருந்து கூப்பிடுகிறான்,
சின்னப் பையன் குரலில்:
"ஓடி வா, ரெட்டைக் கரு!"

அவள் போகவில்லை.
குளியலறைக் குழாயைத் திறந்து
ஏற்கெனவே கழுவிய கைகளைக் கழுவுகிறாள்.
சுடுதண்ணீர் வர நேரமாகிறது.
சுவருக்குள் குழாய் தட்டுகிறது,
விட்டு விட்டு.